நைன் ஒன் ஒன் காசு

2010-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் தேதி, செவ்வாய்க்கிழமை விடியற்காலையில், ஹூஸ்டன் நகரத்தில் ஹில்கிராஃப்ட் சாலையை ஒட்டியிருந்த ஒரு பெட்ரோல் பங்க் கடையில், கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, ரிஜிஸ்டர் இயந்திரத்தின் சாவியைத் திருப்பி, அதுவரையில் யாரும் தொட்டிராத ஒரு பொத்தானில் நூற்றுக்கு இரண்டு என்ற கணக்கை ஏற்றினேன். அன்று முதல் டெக்ஸாஸ் மாநிலத்தில் ப்ரீபெய்டு செல்போனுக்கு ரீசார்ஜ் கார்டு வாங்குகிறவர் எவராயினும், கார்டின் விலையில் இரண்டு சதவீதத்தை 911 என்னும் அவசர அழைப்புச் சேவைக்காகக் கடையிலேயே கொடுத்துவிட வேண்டும் என்றும், அதை வசூலித்து மாநில சர்க்காருக்குச் செலுத்த வேண்டியவர் கடைக்காரர் என்றும் சட்டம் வந்திருந்தது. சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவதையே உத்தியோகமாகக் கொண்டிருந்த எனக்கு அந்தப் பொத்தானுடன் ஏற்பட்ட பரிச்சயம் இரண்டு மாநிலங்களிலும் பதினான்கு வருஷ காலமும் நீடித்தது.

கடை முதலாளி நாகர்கோவில் பக்கத்துக்காரர். நான் அவரை அண்ணாச்சி என்றுதான் அழைப்பது வழக்கம். பொத்தானைப் பற்றி நான் சொன்னதும் அவருக்கு முகம் மாறிவிட்டது.

“போன் கம்பெனிக்காரன் வாங்க வேண்டிய காசை நான் எதுக்குத் தம்பி வாங்கணும்? நம்ம ஊர்ல 108-க்குப் போன் போட்டா வண்டி வருது. அதுக்கு ரீசார்ஜ் கடைக்காரனா காசு புடிக்கான்?” என்றார்.

“அண்ணாச்சி, மாசா மாசம் பில் வருகிறவர்களிடம் கம்பெனியே பில்லில் சேர்த்து ஐம்பது சென்ட் வாங்கிக்கொள்கிறது. இவர்களுக்குப் பில்லே கிடையாதே. நம் கல்லாவில்தான் இவர்களைப் பார்க்க முடியும்” என்றேன்.

அவர் சிறிது நேரம் கார்டுகள் தொங்கிய கம்பியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்போ சொல்லித்தான் வாங்கணும். சொல்லாம வாங்குனா நம்மளைத்தான் திருடன்னு நினைப்பான்” என்றார். சட்டப் புத்தகத்தில் கட்டணத்தை ரசீதில் தனி வரியாகக் காட்ட வேண்டும் என்றோ, வேறு விதத்தில் வாடிக்கையாளருக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்றோ ஒரு விதி இருக்கிறது. அண்ணாச்சி அதைப் படித்தவர் அல்லர். ஆயினும் அந்த விதியின் சாரம் முழுவதும் அவருடைய அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருந்தது. அந்தக் கட்டணத்துக்கு ‘நைன் ஒன் ஒன் காசு’ என்று பெயர் வைத்ததும் அவர்தான். எங்களுக்குள் பிறகு எப்போதும் அதுவே பெயராயிற்று.

பில் இல்லாதவர்களிடம் வசூலிப்பது எப்படி என்ற இந்தப் பிரச்னைக்குப் பழைய சரித்திரம் ஒன்று உண்டு. 1968-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் தேதி, அலபாமா மாநிலத்தில் ஹேலிவில் என்னும் சிற்றூரில், மாநில சட்டசபையின் சபாநாயகர் ராங்கின் ஃபைட் சுழற்றிய எண்தான் அமெரிக்க தேசத்தின் முதல் 911 அழைப்பு. போலீஸ் நிலையத்தில் வைத்திருந்த சிவப்புத் தொலைபேசியில் அதை எடுத்துப் பேசியவர் டாம் பெவில் என்ற காங்கிரஸ் உறுப்பினர். அக்காலத்தில் தொலைபேசி என்றால் சுவரோடு ஒயரால் கட்டப்பட்ட பொருள். ஒவ்வொரு தொலைபேசிக்கும் ஒரு விலாசம், ஒவ்வொரு விலாசத்துக்கும் மாதந்தோறும் ஒரு பில். அவசர அழைப்பு நிலையங்களை நடத்தும் செலவுக்கு அந்தப் பில்லிலேயே சில சென்டுகளைச் சேர்த்து வாங்குவது சுலபமாக இருந்தது. செல்போன் வந்த பிறகும் மாத பில் உள்ளவர்களைப் பொறுத்தவரை சிரமம் அதிகமில்லை; 2000-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மத்திய சட்டம் ஒன்று, அவர்கள் பெரும்பாலும் எந்த ஊரிலிருந்து போனை உபயோகிக்கிறார்களோ அந்த ஊர்க் கட்டணமே அவர்களுக்கு உரியது என்று தீர்த்துவைத்தது. ப்ரீபெய்டுக்காரர்களோ அந்தச் சட்டத்திற்கு அப்பால் நின்றார்கள். அவர்களில் பலருடைய பெயரோ விலாசமோ கம்பெனிக்குத் தெரியாது. இன்று கார்டு வாங்குவார்கள், அடுத்த கார்டு பத்து நாளிலும் வாங்கப்படலாம், மூன்று மாதம் கழித்தும் வாங்கப்படலாம், வாங்கப்படாமலே போகலாம்.

ஆரம்பத்தில் சர்க்கார்கள் கம்பெனிகளையே பிடித்தன. மாதக் கடைசியில் ஒவ்வொரு போனிலும் மீதி இருக்கும் தொகையிலிருந்து கட்டணத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்பது ஒரு வழி. ஒரு மாதத்துக் கார்டு வருமானம் முழுவதையும் ஐம்பது டாலரால் வகுத்து, வந்த எண்ணிக்கையை ‘ஆட்கள்’ என்று வைத்துக்கொண்டு, தலைக்கு இவ்வளவு என்று பெருக்கிக் கட்டலாம் என்பது மற்றொரு வழி. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. பெரிய ப்ரீபெய்டு கம்பெனியாகிய டிராக்ஃபோன் 911 வரி தனக்குப் பொருந்தாது என்று வாதாடியபோது, பொருந்தும் என்றே 2010-இல் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் மாநில சட்டசபைகளின் தேசிய மாநாட்டு அமைப்பு 2009-இலேயே ஒரு மாதிரிச் சட்டத்தைத் தயாரித்து, கம்பெனியை விட்டுவிட்டு, கார்டு கைமாறும் கடைக் கவுண்டருக்கு வசூலை மாற்றுமாறு யோசனை சொல்லியிருந்தது. டெக்ஸாஸ் அந்த வழியை முன்கூட்டியே மேற்கொண்ட மாநிலங்களில் ஒன்று. இவ்வாறாகப் பெரிய மனிதர்கள் பல வருஷம் வாதித்துத் தீராத வழக்கு, பால் பாக்கெட்டும் சிகரெட்டும் லாட்டரிச் சீட்டும் விற்கிற எங்கள் கவுண்டருக்கு வந்து சேர்ந்தது.

வேலையின் நுட்பத்தைச் சொல்லவேண்டும். கம்பியில் தொங்கும் கார்டு வெறும் அட்டை. ரிஜிஸ்டரில் ஸ்கேன் செய்து பணம் வாங்கிய பிறகுதான் அதற்கு உயிர் வரும். உயிர் வந்துவிட்டால் திரும்பப் பெற முடியாது. ஆகையால் மற்ற சாமான்களைப் போல முதலில் ஸ்கேன் செய்துவிட்டுப் பிறகு மொத்தத்தைச் சொல்வது இந்த வியாபாரத்துக்கு உதவாது. கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, வரியையும் நைன் ஒன் ஒன் காசையும் சேர்த்து வாயால் மொத்தத்தைச் சொல்லி, எதிரே நிற்பவர் தலையசைத்த பிறகே விளக்கொளியின் கீழ் கார்டைக் காட்ட வேண்டும். புதிதாக வந்த பையன்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுத்த பாடம் இதுதான். இதைக் கற்காத பையனால் கடைக்கு நஷ்டம். அதைவிட, சொன்ன விலை ஒன்று, வாங்கிய விலை ஒன்று என்று ஒரு ஏழை மனிதர் வாசலில் நின்று ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் காட்சி பொறுக்கக்கூடியதாக இராது.

அந்த முதல் வருஷத்தில் நான் ஒரு தவறு செய்தேன். எங்கள் கடையில் ரீசார்ஜ் கார்டுகளுக்குப் பக்கத்துக் கம்பியிலேயே இந்தியாவுக்கும் மெக்ஸிகோவுக்கும் பேசுகிற காலிங் கார்டுகள் தொங்கின. மதுரைக்கும் திருச்சிக்கும் ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுவதற்கு நம்மவர்கள் வந்து வாங்கும் ஐந்து டாலர் கார்டுகள் அவை. அவை செல்போன் சேவை அல்ல. எந்தத் தொலைபேசியிலிருந்தும் ஓர் எண்ணைச் சுழற்றி, அட்டையின் ரகசிய எண்ணைச் சொல்லி, வெளிதேசத்துக்குப் பேசுவதற்கான நேரத்தை விற்கும் கார்டுகள். நைன் ஒன் ஒன் காசு அவற்றுக்குக் கிடையாது. இரண்டு வகையையும் ஒரே பொத்தானில் கட்டியிருந்த பழைய ஏற்பாட்டை நான் பிரிக்க மறந்தபடியால், மூன்று மாத காலம் ஒவ்வொரு காலிங் கார்டுக்கும் பத்து சென்ட் அதிகமாக வசூலாகிவிட்டது. கணக்கு முடிக்கும்போதுதான் அது கண்ணில் பட்டது. அவசரக் கட்டணம் என்ற பெயரைச் சொல்லி வாங்கிய காசு, சரியாக வாங்கியதாயினும் தவறாக வாங்கியதாயினும், கடையில் தங்கக் கூடாது; முழுவதையும் சர்க்காருக்கே கட்டினோம். ஆனால் கொடுத்தவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வழி இல்லை. ரொக்கம் கொடுத்துப் பெயர் சொல்லாமல் போனவர்களை எங்கே தேடுவது? தெரிந்த முகங்கள் வந்தபோது விஷயத்தைச் சொல்லி அண்ணாச்சி கையில் பத்து சென்ட் நாணயத்தைக் கொடுத்தார். சிலர் வாங்கிக்கொண்டார்கள், சிலர் மறுத்தார்கள். தெரியாத முகங்களின் காசு இன்றும் என் மனத்தில் கடனாகவே இருக்கிறது.

வசூலித்ததில் நூற்றுக்கு இரண்டு வீதம் கடைக்காரர் தம் பிரயாசைக்காக வைத்துக்கொள்ள டெக்ஸாஸ் சட்டம் அனுமதித்தது. ஒரு மாதத்தில் நாலாயிரம் டாலருக்குக் கார்டு விற்றால் கட்டணம் எண்பது டாலர்; அதில் கடையின் பங்கு ஒரு டாலர் அறுபது சென்ட். தனிக் கணக்கு வைத்துத் தனியாகச் செலுத்தும் வேலைக்கு அது கூலியே ஆகாது என்பது உண்மை. ஆயினும் டெக்ஸாஸ் முறையில் ஒரு நியாயம் இருந்தது என்று பின்னால் வேறு மாநிலத்துக்குப் போனபோதுதான் எனக்கு நன்கு விளங்கிற்று. இருபத்தைந்து டாலர் கார்டுக்கு ஐம்பது சென்ட்; அதாவது மாத பில் கட்டுகிறவர் கொடுக்கும் அதே தொகை. பத்து டாலர் கார்டு வாங்குகிறவர் இருபது சென்ட் கொடுத்தார். சிறிதாக வாங்கியவர் சிறிதாகக் கொடுத்தார்.

2013-இல் குடும்பக் காரணங்களை முன்னிட்டு நான் பென்சில்வேனியா மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து, ஃபிலடெல்ஃபியாவுக்கு மேற்கே அப்பர் டார்பியில், அறுபத்தொன்பதாம் தெரு ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள கடைகளுக்குக் கணக்கு எழுதத் தொடங்கினேன். ரயிலும் பஸ்ஸும் டிராமும் வந்து சேரும் இடம் அது. லைபீரியாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் வந்தவர்கள் அடுத்தடுத்த வீடுகளில் வசிக்கிறார்கள். அங்கே கட்டணம் சதவீதக் கணக்கு அல்ல. 2011-லிருந்து ஒவ்வொரு விற்பனைக்கும் முழுதாக ஒரு டாலர். பத்து டாலர் கார்டு, அதற்கு ஆறு சதவீத விற்பனை வரி அறுபது சென்ட், அவசரக் கட்டணம் ஒரு டாலர், ஆக பதினொரு டாலர் அறுபது சென்ட். நூறு டாலருக்கு வாங்கினாலும் அந்தக் கட்டணம் அதே ஒரு டாலர்தான்.

2015-ஆம் வருஷம் ஆகஸ்டு முதல் தேதி, சனிக்கிழமை, அது ஒரு டாலர் அறுபத்தைந்து சென்ட் ஆயிற்று. அன்று காலையில் கடைக்கு ஓர் அம்மாள் வந்தாள். எழுபதைத் தாண்டியவள், மாதம் இரண்டு தடவை வந்து பத்து டாலர் கார்டு ஒன்று வாங்கிப்போகும் கறுப்பினத்து மூதாட்டி. பழைய ரசீது ஒன்றை நான்காக மடித்து உறைபோல் செய்து, அதற்குள் ஒரு பத்து டாலர் நோட்டு, ஒரு டாலர் நோட்டு, இரண்டு கால் டாலர் நாணயம், ஒரு பத்து சென்ட் நாணயம் என்று பதினொன்று அறுபதை எண்ணிப் போட்டுக்கொண்டு வருவது அவள் வழக்கம். மொத்தம் பன்னிரண்டு டாலர் இருபத்தைந்து சென்ட் என்று நான் சொன்னவுடன், அவள் கோபிக்கவும் இல்லை, கேள்வி கேட்கவும் இல்லை. உறையை விரித்து, அதே காசை மறுபடியும் கவுண்டரின் மேல் ஒவ்வொன்றாக எண்ணினாள், எண்ணினால் கூடிவிடும் என்பதைப் போல. வயதான விரல்கள் கண்ணாடியின் மேல் நாணயத்தைத் தள்ளும் அந்தச் சிறு சப்தத்தை நான் மறக்கவில்லை. சட்டப்படி அந்தக் கட்டணம் வாங்குகிறவருடைய பொறுப்பு. கடைக்காரர் அதை நீக்கிக் கொடுக்க இடமில்லை. என் சட்டைப் பையிலிருந்து அறுபத்தைந்து சென்டை எடுத்துக் கல்லாவில் போட்டு, ரசீதை அச்சடித்து, கட்டணம் எழுதியிருந்த வரியை விரலால் காட்டி, இன்று முதல் இது இவ்வளவு, அடுத்த முறை இதையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள் என்றேன். அவள் அந்த ரசீதையே மடித்துப் புது உறையாக்கிக்கொண்டாள்.

அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வாராவாரம் பத்து டாலர் கார்டு வாங்குகிற ஒரு கூலிக்காரர் மாதத்தில் நான்கு தடவையாக ஆறு டாலர் அறுபது சென்ட் கட்டுகிறார். மாத பில் கட்டுகிற வசதியுள்ளவர் ஒரு போனுக்கு ஒரு டாலர் அறுபத்தைந்து சென்டோடு நிறுத்திக்கொள்கிறார். இருவருக்கும் ஒரே ஆம்புலன்ஸ், ஒரே தீயணைப்பு வண்டி. மொத்தமாக முப்பது நாற்பது டாலர் கையில் இருந்தால் அந்தக் கூலிக்காரரும் மாதத்துக்கு ஒரே கார்டாக வாங்கிவிடுவார். கையில் இல்லாததனால் அல்லவோ பத்துப் பத்தாக வாங்குகிறார்? இல்லாமைக்காகவே நான்கு மடங்கு கொடுக்க நேர்கிற இந்த ஏற்பாட்டை நான் நியாயம் என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. கட்டணமே கூடாது என்பது என் வாதம் அன்று. நிலையங்களை நடத்த ஆளும் இயந்திரமும் வேண்டும், அழைப்பவரின் இருப்பிடத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகள் வேண்டும். அதற்கு எல்லோரும் கொடுக்கத்தான் வேண்டும். அளவைத்தான் மாற்ற வேண்டும் என்கிறேன். இல்லினாய், டெக்ஸாஸ் போன்ற மாநிலங்கள் சதவீதமாக வாங்குகின்றன. நியூயார்க் 2017 டிசம்பரில் வசூலைத் தொடங்கியபோது, முப்பது டாலர் வரையிலான விற்பனைக்கு அறுபது சென்ட், அதற்கு மேற்பட்டால் ஒரு டாலர் இருபது சென்ட் என்று இரண்டு படியாக மாநிலக் கட்டணத்தை வைத்தது. ஆகவே செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை.

2018 ஜனவரியில், பனி உறைந்திருந்த ஒரு மாலையில், கடை வாசலுக்கு உள்ளே வந்த ஒரு பெரியவர் மார்பைப் பிடித்துக்கொண்டு ரொட்டி அடுக்கின் ஓரமாகச் சரிந்தார். நான் ஓடிப்போய் அவர் தலையைத் தாங்கிக்கொண்டேன். என் போன் உள்ளறையில் சார்ஜில் இருந்தது. கவுண்டர் அருகே ஒரு லைபீரிய இளைஞர் நின்றிருந்தார். போன் காலாவதியாகி இரண்டு நாளாயிற்று என்று சொல்லி, கார்டு வாங்குவதற்காக வந்தவர். போனைக் கையில் வைத்துக்கொண்டு, “இதில் காசு இல்லையே ஐயா” என்று தவித்தார். “பரவாயில்லை, 911 போடுங்கள், போகும்” என்று கத்தினேன். எஃப்.சி.சி. என்னும் மத்தியக் கமிஷனின் விதி அது: சேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும், காசு கட்டியிருந்தாலும் கட்டாவிட்டாலும், 911 அழைப்பைக் கம்பெனிகள் கொண்டுபோய்ச் சேர்த்தே ஆகவேண்டும். போயிற்று. மறுமுனையில் ஒரு பெண்குரல் முதலில் கேட்டது நோயைப் பற்றி அல்ல, இடத்தைப் பற்றி. சேவை அற்ற போனுக்கு நிலையத்தார் திருப்பி அழைக்க முடியாது. அதனால், வைத்துவிடாதீர்கள், வைத்துவிடாதீர்கள் என்று அந்தக் குரல் மறுபடி மறுபடி சொல்லிற்று. இளைஞர் தெருப் பெயரையும் கடை எண்ணையும் சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து வெளியே பனியில் நின்று, வண்டி வரும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. பெரியவர் பிழைத்தார், ஐந்தாறு வாரம் கழித்துத் தடி ஊன்றிக்கொண்டு ரொட்டி வாங்க வந்தார்.

வண்டி போன பிறகு அந்த இளைஞர் கவுண்டருக்குத் திரும்பி வந்து, தம் கார்டைக் கேட்டார். வழக்கம்போல மொத்தத்தைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அவரே ரசீதை வாங்கிப் படித்து, கட்டணத்தின் வரியில் விரலை வைத்து, “இது போனில் பேசிய அந்த அம்மாவுக்கா?” என்று கேட்டார். ஆம் என்றேன். காசை எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

இந்தக் காசு அந்த அம்மாவுக்குத்தான் போகிறது என்று எல்லா மாநிலத்துக் கடைக்காரர்களும் அவ்வளவு நிச்சயமாகச் சொல்லிவிட முடியாது. 2008-ஆம் ஆண்டில் வந்த மத்திய சட்டம் ஒன்றின்படி, எந்த மாநிலம் எவ்வளவு அவசரக் கட்டணம் வசூலித்தது, எதற்குச் செலவிட்டது என்று கமிஷன் வருஷந்தோறும் காங்கிரஸுக்கு அறிக்கை கொடுக்கிறது. அவசர சேவைக்கென்று வாங்கிய பணத்தை வேறு காரியங்களுக்குத் திருப்பிய மாநிலங்களின் வரிசையில், எங்களுக்கு டெலவேர் ஆற்றின் அக்கரையிலுள்ள நியூ ஜெர்சியின் பெயரும், நியூயார்க்கின் பெயரும் பல வருஷங்கள் தொடர்ந்து வந்தன. அந்த அறிக்கைகளை நான் படிக்கும்போதெல்லாம் ரசீதை மடித்து உறை செய்யும் அந்த விரல்களே நினைவுக்கு வரும். பத்து சென்டைத் தவறாக வாங்கியதற்காக ஒரு பெட்ரோல் பங்க் முதலாளி தெரிந்தவர்களையெல்லாம் தேடித் திருப்பிக் கொடுத்தார் என்பதை அந்த நிதி மந்திரிகளுக்கு யாராவது சொல்லவேண்டும் என்று தோன்றும்.

2024 மார்ச்சு முதல் தேதியிலிருந்து பென்சில்வேனியாவில் கட்டணம் ஒரு டாலர் தொண்ணூற்றைந்து சென்ட் என்று உத்தரவு வந்தது. இந்தத் தடவை முதல் நாளில் ஒருவரும் கவுண்டரில் நின்று காசை மறுபடி எண்ணக் கூடாது என்று தீர்மானித்து, பிப்ரவரி நடுவிலேயே ஓர் அட்டையில் பெரிய எழுத்தாக எழுதினேன்: பத்து டாலர் கார்டு, வரி அறுபது சென்ட், 911 ஒன்று தொண்ணூற்றைந்து, மொத்தம் பன்னிரண்டு ஐம்பத்தைந்து. அதன் கீழே ஸ்பானிஷ் மொழியிலும் வங்காளத்திலும் பக்கத்துக் கடைப் பையன்களைக் கொண்டு எழுதுவித்து, கார்டுகள் தொங்கும் கம்பிக்கு நேர் மேலே ஒட்டினேன். மூதாட்டி அந்த வாரம் வந்தாள். தலையை நிமிர்த்தி, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து, கடைசி வரியை இரண்டு முறை வாய்விட்டு வாசித்தாள். பிறகு என்னிடம் பேனாவை வாங்கி, மடித்த ரசீதின் வெளிப்புறத்தில் அந்தத் தொகையைக் குறித்துக்கொண்டாள்.